அரைக்கண் ஜெபம்

அந்தச் சபையில் ஜெபம் என்றால் துணிக்கடைக்காரர் ஒருவரின் வாய்தான். போதகர் ஜெபித்தால் ஜனங்கள், சீக்கிரம் முடியட்டும் ஆண்டவரே என்று உள்ளுக்குள் தனியாக ஒரு ஜெபம் செய்துகொண்டிருப்பார்கள். அவர் ஜெபித்தாலோ மடியில் கிடக்கிற குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்க்கும். அதனால் அவருக்கு ஜெப அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கடைத்தெருவில் அவருக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் திரைச்சீலையும் விற்கிற கடை. மடிப்பில் இருக்கும் விரிப்பை எடுத்து ஓர் உதறு உதறினால், அது மேசைமேல் சுருக்கமே இல்லாமல் போய் விழும். விழும்போதே துணியின் அருமை பெருமைகளை எடுத்து விடுவார். விலை கேட்க வந்தவர்கள் விரிப்போடு தலையணை உறையும் வாங்கிக்கொண்டு போவார்கள். கையும் வாயும் ஒத்துழைக்கிற மனிதர். வியாபாரத்துக்கு அவ்வளவு போதும். ஊழியத்துக்கும் அவ்வளவு போதும் என்று அவர் நினைத்ததில்தான் வந்தது வினை.

ஐம்பதைத் தாண்டியதும் தமக்கு அழைப்பு வந்துவிட்டது என்றார். கடையை மகளும் மருமகனும் பார்த்துக்கொள்ளட்டும், இனி முழுநேரமும் கர்த்தருடைய வேலைதான் என்றார். போதகருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிற குழுவுக்கு அவரையே பொறுப்பாளராக்குவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் முன்னிலையில் தலையில் கைவைத்து ஜெபித்து ஊழியத்துக்கென்று பிரித்தெடுப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்கு அவர் எழுந்து நின்று, கர்த்தர் தம்மை எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே கூப்பிட்டாரா?"

"என்ன கேள்வி இது? என் பேரைச் சொல்லியே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"இல்ல, நான் அடுப்படியிலேர்ந்து தொண்டை கிழியக் கூப்பிட்டா உங்களுக்குக் காது கேக்குறதில்ல. அவ்வளவு தூரத்துலேர்ந்து கூப்பிட்டது கேட்டுடுச்சான்னு பாத்தேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மருத்துவமனைக் குழு சனிக்கிழமை பிற்பகலில் போகும், அவரும் கூடப் போவது வழக்கம். அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. கட்டில் அருகில் நிற்பார்கள், நலம் விசாரிப்பார்கள், தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபிப்பார்கள், ஆமென் சொன்னதும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆமெனில் ஒரு வசதி இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் புறப்படலாம். நோயாளிக்கு இன்னும் ஏதாவது சொல்ல இருந்தாலும் அவன் அதை விழுங்கிவிட வேண்டியதுதான்.

எலும்பு முறிவு வார்டுக்குள் நுழையும்போது ஜெப அண்ணன் அடிக்கடி ஒன்று செய்வார். நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் விரிப்புகளைப் பார்ப்பார். நீலக்கரை போட்ட வெள்ளை விரிப்புகள், எல்லாம் அவர் கடையிலிருந்து அவரே தானமாகக் கொடுத்தவை. ஆராதனையில் போதகர் அதை அறிவித்தபோது சபையார் கைதட்டினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அது இன்னும் கொஞ்சம் தட்டுங்கள் என்று சொல்வதைப் போலவும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒருவன் கிடந்தான். லாரி டிரைவர். வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல ஆகிருதி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் கட்டிலின் அகலத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவனால் இடப்பக்கமும் புரள முடியாது, வலப்பக்கமும் புரள முடியாது.

"தம்பி, நாங்க சபையிலேர்ந்து வர்றோம். உனக்காக ஜெபிக்கலாமா?"

"சரிண்ணே. எங்கம்மாவும் சபைக்குப் போறவங்கதான்." அவன் கண் கட்டிலுக்கு அடியில் போயிற்று. "அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... அந்த..."

கட்டிலுக்கு அடியில், அவன் கைக்கு எட்டாத இடத்தில், யாரோ காலால் தள்ளிவிட்டுப் போயிருந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் ஆண்கள் சிறுநீர் கழிக்கிற பாட்டில்.

ஜெப அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவரே தமக்குத்தாமே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். புரியவில்லை, கவனிக்கவில்லை, அவன் முழுதாகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. புரிந்தது. குனிந்து எடுத்தால் அதை அவனுக்குப் பிடித்துக்கொடுக்க வேண்டும், பிறகு நிறைந்ததை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. குமட்டல் வேறு தொண்டை வரை வந்துவிட்டது. தம் பிள்ளைக்கே ஈரத்துணி மாற்றாத கை அது.

"முதல்ல ஜெபிச்சிடுவோம் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்" என்று அவன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

பாவம், நல்லபடியாக வளர்த்த பிள்ளை அவன். ஜெபத்துக்கு நடுவில் பேசக் கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஜெப அண்ணன் வானத்தையும் பூமியையும் படைத்தவரிடமிருந்து ஆரம்பித்தார். சமுத்திரம் பிளந்ததற்கு வந்தார். சிங்கங்களின் வாய் கட்டப்பட்டதற்கு வந்தார். குரல் ஏறி இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்களும் கை கூப்பினார்கள். முடவன் எழுந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைக்குக் கீழே அந்தத் தலை ஒருமுறை நடுங்கியது. பிறகு அடங்கிவிட்டது. ஒரு வாடை வந்தது.

அவர் ஒரு கண்ணை அரையாகத் திறந்து பார்த்தார். நீலக்கரை விரிப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

உடனே கண்ணை மூடிக்கொண்டார். மூடியது மட்டுமா, ஜெபத்தையும் நீட்டினார். ஆமென் சொன்னால் கண்ணைத் திறக்க வேண்டும், திறந்தால் பார்த்ததாகிவிடும், பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும். ஆகவே டிரைவருடைய குடும்பத்துக்காக ஜெபித்தார், லாரிக்காக ஜெபித்தார், சாலையில் போகும் எல்லா வண்டிகளுக்காகவும் ஜெபித்தார். சொல்வதற்கு இனி ஒன்றுமே இல்லை என்றானதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஆமென் சொன்னார். "கர்த்தர் பாத்துக்குவார் தம்பி" என்று சன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பின்னால் ஆயாவின் குரல் வார்டையே தூக்கியது.

"ஏன்யா, சின்னப் புள்ளையா நீ? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கூப்பிட மாட்டியா? காலையிலதானே புதுத்துணி போட்டேன்! யாரோ புண்ணியவான் தானமா குடுத்தது. அதை ஒரு நாளாவது வெச்சுக்கத் தெரியுதா உனக்கு?"

எல்லாக் கட்டில்களும் திரும்பிப் பார்த்தன.  ஜெபம் நடந்துகொண்டிருந்தது என்று டிரைவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட வந்த கணக்கு டீச்சர், "அங்க என்னண்ணே சத்தம்?" என்றார்.

"தெரியலையேம்மா" என்றார் அந்தப் புண்ணியவான்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு சொன்னபோது கூவிய சேவல் இங்கே கூவாததுதான் குறை.

அதன்பிறகு அவருக்குக் கடையில் வேலை ஓடவில்லை. விரிப்பை உதறினால் கோணலாக விழுந்தது. வெள்ளை விரிப்பு கேட்டு வந்த ஓர் அம்மாள், "கறை பட்டா போகுமா?" என்று கேட்டார். எப்போதும், போகும், தாராளமாகப் போகும் என்று அடித்துச் சொல்கிறவர், "தெரியலைங்க" என்றார். மருமகன் வியாபாரம் கெட்டுவிடுமே என்று ஓடிவந்து பேச்சை வாங்கிக்கொண்டான்.

சாப்பிடும்போதும் வாய் திறக்கவில்லை. மனைவி ஒருமுறை கேட்டார். "உடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னா வேற எதுக்கோ இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் என்பது முதலில் வாயைத்தான் கட்டும். தேனாக ஜெபிக்கிற வாய் மனைவியிடம் நாலு வார்த்தை சொல்ல முடியாமல் கிடந்தது.

சரி, ஒருவருக்கும் தெரியாது, நாளாக ஆக ஆறிவிடும் என்று தேற்றிக்கொண்டுதான் புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்குப் போனார். சாட்சி நேரத்தில், இதற்கு முன் பார்த்திராத ஒரு பெண் பின் பெஞ்சிலிருந்து எழுந்தாள். ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டுகிற வேலை, உடையில் மாவு ஒட்டியிருந்தது. பேசிப் பழக்கமில்லாதவள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர். கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. போன வாரம் உங்க சபையிலேர்ந்து ஒரு அண்ணன் வந்து ஜெபம் பண்ணினாரு. அப்போ இவருக்கு... படுக்கையிலேயே ஆயிடுச்சு. ஆயா எல்லார் முன்னாடியும் திட்டிடுச்சு. நான் கேள்விப்பட்டு ஆத்திரத்துல குதிச்சேன். அந்த மனுஷன் பக்கத்துலதானே நின்னாரு, பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தாருன்னு கேட்டேன். அவருதான் சொன்னாரு. இல்லடி, அவர் கண்ணை மூடிக்கிட்டிருந்தாரு, ஒண்ணையும் பாக்கல, கடைசி வரைக்கும் எனக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தாருன்னு. இந்தக் காலத்துல யாருங்க அப்படி ஜெபிக்கிறாங்க? நான் தப்பா நெனச்சதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"அல்லேலூயா!" என்றார்கள் ஜனங்கள். சிலர் திரும்பி ஜெப அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார்கள். போதகர் அவர் தோளைத் தட்டினார்.

அவர் எழுந்தார். சொல்லிவிடத்தான் எழுந்தார், அதை நம்பலாம். ஆனால் எழுந்து நின்றதும் அத்தனை முகங்களும் மலர்ந்து அவரையே பார்த்தன. அந்தப் பெண் கை கூப்பினாள்.

"எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

போதகர் வாசலில் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை வேற சாட்சியே வேண்டாம். இதையே சொல்லுங்க. இதைவிட என்ன வேணும்?"

அன்றைக்குப் பட்ட வெட்கத்தோடு ஒப்பிட்டால் சனிக்கிழமை பட்டது ஒன்றுமே இல்லை. செய்யத் தவறியது ஒன்று. தவறியதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தது இன்னொன்று. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யாரோ பின்னால் கூப்பிடுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடியும் சனிக்கிழமை வந்தது. விடிந்தால் ஞாயிறு, தலையில் கை வைக்கப் போகிறார்கள். குழுவில் மற்றவர்களை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சன்னலோரக் கட்டிலுக்குப் போனார். போனதும் முதலில் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பாட்டில் இந்த முறை கைக்கு எட்டுகிற இடத்தில், கட்டில் கம்பியில் மாட்டியிருந்தது. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. எடுத்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று வந்திருந்தார்.

"வாங்கண்ணே" என்றான் டிரைவர். "என் பொண்டாட்டி உங்க சபைக்கு வந்து என்னமோ பேசினாளாமே."

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." குரல் உடைந்தது. சபையில் ஏறி இறங்குகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ. "அன்னிக்கு நான் பாத்தேன். கண்ணைத் தொறந்து பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடிக்கிட்டேன்."

டிரைவர் சன்னல் பக்கம் பார்த்தான்.

"தெரியும்ணே."

"எப்படி?"

"நான் மூடினாத்தானே?"

ஜெப அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அந்த அரைக்கண் திறந்ததையும் அவன் பார்த்திருக்கிறான், அது உடனே மூடியதையும் பார்த்திருக்கிறான். லாரிக்காகவும் சாலைக்காகவும் ஜெபித்ததையெல்லாம் ஈரத்தில் கிடந்தபடி, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்புறம் ஏன்ப்பா உன் சம்சாரத்துக்கிட்ட அப்படிச் சொன்னே?"

"அவ ஒரு மாதிரிண்ணே. நேரா உங்க சபைக்கே வந்து கத்தியிருப்பா. என் மானம்தான் போச்சு, உங்களுதும் எதுக்குப் போகணும்?" பிறகு கொஞ்சம் சிரித்தான். "அதுவுமில்லாம, நீங்க மொகத்தைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க பாருங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு."

பாவமாக இருந்ததாம். இடுப்புக்குக் கீழே நனைந்து கிடந்தவன், வெள்ளைச் சட்டை போட்டு நின்றவரைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறான். திட்டியிருந்தால் ஜெப அண்ணன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"விடுங்கண்ணே. நனைஞ்சது அன்னிக்கே காஞ்சிடுச்சு. அடுத்த கட்டில்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, போங்க."

அவன் நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஆனாலும் ஆமென் சொல்லி அனுப்பியது போல் இருந்தது அவருக்கு.

ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. டிரைவரின் மனைவி இந்த முறை முன்வரிசைக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். போதகர் அழைத்ததும் ஜெப அண்ணன் எழுந்து போய் நின்றார். அலங்காரமாக எதுவும் வரவில்லை.

"கர்த்தர் என்னை எப்படிக் கூப்பிட்டார்னு சொல்லச் சொன்னாங்க. கால் ஒடஞ்சு கெடந்த ஒரு தம்பி, கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்துக் குடுங்கன்னு கேக்க வந்தான். எனக்குப் புரிஞ்சுது. அருவருப்பா இருந்துச்சு. அதுக்குப் பதிலா ஜெபம் பண்ணினேன். அவனுக்குப் படுக்கையிலேயே ஆனதை ஒரு கண்ணைத் தொறந்து பாத்தேன். பாத்துட்டு மூடிக்கிட்டேன். ஆயா அவனைத் திட்டினப்போ நான் நடந்து போய்க்கிட்டிருந்தேன். என்ன சத்தம்னு கேட்டவங்ககிட்ட தெரியாதுன்னு சொன்னேன். புதன்கிழமை இந்தத் தங்கச்சி என்னைப் புகழ்ந்து பேசினப்போ, அதையும் வாங்கிக்கிட்டேன். கர்த்தர் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான் என் சாட்சி."

 எங்கேயோ ஒருவர் இருமினார்.

பிறகு பின்னாலிருந்து யாரோ, "அல்லேலூயா! என்ன தாழ்மை!" என்றார்.

அவ்வளவுதான், கைதட்டல் கிளம்பிவிட்டது. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. போதகர் தழுதழுத்து, இப்படி உடைந்த மனத்தைத்தான் கர்த்தர் தேடுகிறார் என்று சொல்லி, தலையில் வைக்கக் கையை உயர்த்தினார். ஜெப அண்ணன், "வேண்டாம் ஐயா, கை வைக்காதீங்க" என்று பின்வாங்கினார். அதற்கும் கைதட்டினார்கள். ஜனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைச் சொன்னாலும் இனிக்கிற மாதிரி கேட்க அவர்களைப் பழக்கியதே அவர் வாய்தான்.

போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். அந்த அம்மாள் கைதட்டியிருக்கவில்லை.

கைதட்டாமல் இருந்தது இன்னும் ஒருத்திதான். டிரைவரின் மனைவி. ஆராதனை முடிந்ததும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு அவர் அவளிடம் போனார்.

"அவரு எனக்குப் பொய் சொல்லியிருக்காரு" என்றாள். "உங்களுக்காக."

"ஆமாம்மா."

"அதை நம்பி நான் இத்தனை பேர் முன்னாடி நின்னு பேசினேன். என் புருஷனுக்கு ஆனதை ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்க பெருமைக்காக." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்போ உங்களுக்குக் கைதட்டுறாங்க. எனக்கு எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கிறதுன்னு தெரியல."

 அவருக்கு மன்னிப்பு என்ற சொல்லைக்கூட எடுக்கக் கூசியது. அதையும் அழகாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

"நாளையிலேர்ந்து எனக்குப் பகல் ஷிப்டு" என்றாள் அவள், அவரிடம் சொல்வது போலவும் இல்லை, தனக்கே சொல்வது போலவும் இல்லை. "பகல்ல அவருகூட ஆள் இல்ல. ஆயா ஒருத்தி எத்தனை பேரைப் பாப்பா?"

அவள் கேட்க மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. சென்ற முறையும் இப்படித்தான் புரிந்தது, இந்த முறை கண்ணை மூடிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

"நான் வரட்டுமாம்மா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

"எல்லா வேலையும் இருக்கும்."

"சரிம்மா."

"ஜெபம் பண்ண வர்றதா இருந்தா வராதீங்க."

"சரிம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை போனார். பழைய சட்டை போட்டுக்கொண்டு போனார். டிரைவர், "என்னண்ணே, சனிக்கெழமை இன்னும் வரலையே?" என்றான். விவரம் சொன்னார். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது, அதெல்லாம் வேண்டாம் என்றான். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பக் கிளப்ப அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. டிரைவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொன்னான். அவர் தலையாட்டினார்.

வெகுநேரம் கழித்து, "அண்ணே" என்றான் டிரைவர், மெல்லிய குரலில்.

இந்த முறை காது நன்றாகக் கேட்டது. எழுந்தார். கம்பியிலிருந்து பாட்டிலை எடுத்தார். போர்வைக்குள் கைவிட்டு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, டிரைவரே கையைப் பிடித்து வழிகாட்டினான். குமட்டல் வந்தது. அது எங்கும் போய்விடவில்லை, தொண்டையிலேயே நின்றது. முகத்தைத் திருப்பாமல் நின்றார். பாட்டில் கனக்கத் தொடங்கியது. சூடாகவும் இருந்தது. மனித உடம்பிலிருந்து வருவது சூடாகத்தான் இருக்கும் என்பதுகூட அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

 வெளியே எடுக்கும்போது பாட்டில் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டது. பாதி அவர் சட்டையில், மீதி நீலக்கரை விரிப்பிலும் தரையிலும்.

"அடக் கடவுளே!" ஆயா வாசலிலேயே பார்த்துவிட்டாள். துடைப்பத்தோடு வந்தாள். "ஏன்யா, சின்னப் புள்ளையா நீ? ஒரு பாட்டிலைப் புடிக்கத் தெரியாதா? இத்தனை வயசாச்சு, வீட்டுல ஒரு வேலை செஞ்சிருந்தாத்தானே? புதுத்துணிய்யா அது! யாரு பெத்த புள்ளையோ தானமா குடுத்தது, நீங்க ஆளாளுக்கு இப்படிப் பண்ணினா?"

எல்லாக் கட்டில்களும் திரும்பிப் பார்த்தன. அவரை அங்கே எல்லோருக்கும் தெரியும். தேனொழுக ஜெபிக்கிற மனிதர், சட்டை நனைந்து, கையில் பாட்டிலோடு, தலைகுனிந்து நின்றார். இங்கே ஒருவரும் கைதட்டவில்லை. அந்தத் துணியைக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் ஒரு கணம் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"தப்புதான்மா" என்றார். "எப்படி மாத்தணும்னு சொல்லிக் குடுங்க. நான் மாத்துறேன்."

"கிழிச்சே" என்றாள் ஆயா. ஆனாலும் மாற்றுத்துணி எடுக்கப் போனாள்.

அவர் டிரைவரின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே திரும்பினார். பார்த்த அளவில் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு ஜெபத்திலும் மூடாத இரண்டு கண்களையும் டிரைவர், எதையும் பார்க்காதவன் போல், இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

ஆயா துணியோடு வரும் வரைக்கும் அவன் திறக்கவில்லை.